கையெழுத்துப் போடச் சொன்ன ஐயருக்கும் சேகரக் கமிட்டியாருக்கும் ஒரு திறந்த மடல்

எங்கள் சேகரத்து (சில ஊர்ச் சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டாரத்து) ஐயரவர்களுக்கும், அதாவது குருவானவருக்கும், சேகரக் கமிட்டி உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிக்கப்பட்ட நான்காவது அறிவிப்பைப் பற்றி இதை எழுதுகிறேன். முதல் மூன்றும் அசனப் பண்டிகை வரி, பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், கல்லறைத் தோட்டத்துச் சுவர். நான்காவதை ஐயர் நீங்களே வாசித்தீர்கள். காவல் நிலைய அனுமதி இல்லாமல் சபையார் யாரும் வீடுகளில் ஜெபக்கூட்டம் நடத்தக் கூடாது. மேலான அதிகாரங்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வேதம் சொல்லுகிறது. பிறகு ரோமர் பதிமூன்றாம் அதிகாரம், முதல் வசனம். பிறகு ஆமென். நானும் ஆமென் சொன்னேன், பழக்கதோஷம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எதற்கு ஆமென் சொன்னோம் என்பது உறைத்தது.

அந்த ஆமெனைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

யாரைக் குறித்த அறிவிப்பு என்பது பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெற்குத் தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கிற சகோதரி. புருஷன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமைதோறும் சாயந்தரம் ஏழு மணிக்கு அவள் வீட்டு முன்பகுதியான தார்சாவில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடுவார்கள். பாதிப் பேர் பீடித்தட்டோடுதான் வருவார்கள்; வாய் பாடிக்கொண்டிருக்கும், கை இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. ஒரு கைத்தாளம் உண்டு, அதிலும் இரண்டு சில்லு கழன்று போயிருக்கும். எட்டரைக்குக் கடுங்காப்பி குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். நான் இரண்டு தரம் போயிருக்கிறேன். ஒரு தரம், என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்த வாரம், எங்களுக்காக அழுது ஜெபித்தார்கள். ஆகவே நான் நடுநிலையான சாட்சி இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் யாரோ மனுக் கொடுத்தார்கள். யார் என்று துருவுகிற ஆசை எனக்கு இல்லை. காவலர் இருவர் வந்து, "பெர்மிஷன் இல்லாம இதெல்லாம் பண்ணக் கூடாது" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வெள்ளியும் பெண்கள் கூடினார்கள். அதற்கடுத்த புதன்கிழமை தாலுகா ஆபீசில் "அமைதிப் பேச்சுவார்த்தை". அங்கே நடந்ததை அவளிடமும் உடன் போன இரண்டு பெண்களிடமும் தனித்தனியாகக் கேட்டேன். மூவர் சொன்னதும் ஒன்றுபோலவே இருந்தது. தாள் ஏற்கெனவே டைப் அடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். பாதி வாசிப்பதற்குள், பக்கத்தில் நின்ற ஐயர் நீங்கள், "கையெழுத்துப் போட்டுரும்மா, நமக்கு எதுக்குப் பிரச்சினை" என்றீர்கள். போட்டுவிட்டாள். இனி என் வீட்டில் கூட்டமாகச் சேர்ந்து ஜெபிக்க மாட்டேன் என்பது அதன் சாரம். நகல் அவளிடம் இல்லை. கொடுக்கவில்லை, கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

"ஐயரே சொன்ன பொறவு நான் என்ன செய்ய, அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்பதால்தான் தாசில்தாருக்கு எழுதுமுன் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தத் தாளை நான் பார்க்கவில்லை. ஆனால் அதில் என்ன இருக்கும் என்று வரி வரியாகச் சொல்ல முடியும். முப்பத்தோரு வருஷம் வருவாய்த்துறையில் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். அதுமாதிரித் தாள்களை எழுதினவன். "பொது அமைதியைக் கருத்தில் கொண்டு" என்று தொடங்கும். "இருதரப்பினரும் ஒருமனதாக" என்று நடுவில் வரும். "மேற்படி நபர் தாமாகவே முன்வந்து" என்று முடியும். மேற்படி நபர் ஆபீசுக்குள் நுழைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் தாமாகவே முன்வந்துவிட்டதாக டைப் ஆகியிருக்கும்.

ஏன் இப்படி எழுதி வாங்குகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஓர் அதிகாரி ஒரு காரியத்தைத் தடை செய்ய நினைத்தால் அதற்கு வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163. அந்தப் பிரிவில் உத்தரவு போட்டால் அது எழுத்தில் இருக்க வேண்டும்; எந்த நிலைமையைக் கண்டு போட்டார் என்பது அதில் இருக்க வேண்டும்; சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது; பாதிக்கப்பட்டவர் அதை ரத்து செய்யக் கேட்கலாம். மதுரைக்கும் போகலாம், 2004 ஜூலையில் அங்கே உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு, நெல்லைக்காரன் ரிட் போடச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. உத்தரவில் இல்லாத காரணத்தைப் பிற்பாடு கோர்ட்டில் வந்து ஒட்டவைக்க முடியாது என்று 1977-ல் மொகிந்தர் சிங் கில் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது உத்தரவு போட்டால் அதிகாரி பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிவிடுகிறார். அதனால்தான் உத்தரவு போடாமல் எழுதி வாங்குகிறோம். எழுதி வாங்கிவிட்டால் உரிமையைப் பறித்தவர் யாரும் இல்லை, கொடுத்தவர் மட்டும் இருக்கிறார். நாளைக்கு அவள் தார்சாவில் மறுபடி நாலு பேர் முழங்கால் போட்டால், "எழுதிக் கொடுத்ததை மீறிவிட்டாள்" என்று பழைய 107-ஐ, இன்றைய 126-ஐ எடுத்து, அமைதி காப்பேன் என்று பத்திரம் கேட்கலாம். அவள் ஒப்புக்கொண்டதே அவளுக்கு எதிராக நிற்கும்.

இந்த ஏற்பாட்டில் தாசில்தாருக்கு மிகவும் உதவியாக இருந்தது, மன்னிக்க வேண்டும், உங்கள் அங்கி. சப் இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தால் அவள் தயங்கியிருப்பாள்.

"அனுமதி" என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பஞ்சாயத்துக் கட்டட விதிகளின்படி வழிபாட்டுக்கென்று ஒரு கட்டடம் கட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். அது கட்டடத்துக்கு. அவள் எதையும் கட்டவில்லை. அவள் மாமனார் கட்டின ஓட்டு வீட்டில் பாய் விரிக்கிறாள். அரசியலமைப்பின் 25-வது பிரிவு மனச்சாட்சிச் சுதந்தரத்தையும், மதத்தை அனுசரிக்கவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உள்ள உரிமையையும் எல்லா நபர்களுக்கும் தருகிறது. குடிமக்களுக்கு என்றுகூட அங்கே எழுதவில்லை, எல்லா நபர்களுக்கும். ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவதற்கு 19-வது பிரிவு இருக்கிறது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையும் அடிப்படை உரிமையே என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, வீட்டு வாசல்படிக்கு உட்பக்கம் நடப்பதைக் கேட்க அரசுக்கு இன்னும் கனமான காரணம் வேண்டும்.

எல்லை இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே அந்த உரிமை. பொது ஒழுங்கு என்றால் என்ன? பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்பது பொது ஒழுங்கு ஆகாது. 1965-ல் ராம் மனோகர் லோகியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களைக் கற்பனை செய்யச் சொன்னது. பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்குள் தேசப் பாதுகாப்பு. பெரிய வட்டத்தில் நடக்கிற சில்லறைச் சச்சரவெல்லாம் உள்வட்டத்தைத் தொட்டதாக ஆகாது. தெற்குத் தெருவில் சச்சரவுகூட நடக்கவில்லை, ஒரு மனு வந்தது, அவ்வளவுதான். பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் ஒரு தீர்ப்பு உண்டு. அந்தத் தீர்ப்பு எனக்கு முழுக்கப் பிடிக்காது, ஆனாலும் அதை எவ்வளவு இழுத்தாலும் ஞானஸ்நானம் பெற்ற பெண்கள் தங்களுக்குள் ஜெபிப்பதன் மேல் அது போய் விழாது.

இனி ரோமர் பதிமூன்று. வேதம் படித்துப் பட்டம் வாங்கினவர் நீங்கள், நான் பெஞ்சில் இருந்து கேட்டவன். ஆனாலும் அந்த நிருபத்தை முதல் அதிகாரத்திலிருந்து கடைசி அதிகாரம் வரை அன்று ராத்திரி வாசித்தேன். பதினாறாம் அதிகாரத்தில் பவுல் வாழ்த்துதல் அனுப்புகிறார், பிரிஸ்கில்லாளுக்கும் ஆக்கில்லாவுக்கும், "அவர்களுடைய வீட்டிலே கூடிவருகிற சபைக்கும்". ஐயா, வீட்டு ஜெபத்தை நிறுத்துவதற்கு நீங்கள் எடுத்துக் காட்டிய அதே கடிதம் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வாழ்த்துச் சொல்லுகிறது. அன்று ரோமாபுரியில் ஆண்டவன் நீரோ. அந்த வீட்டுக்கு யாரிடம் அனுமதி வாங்கச் சொன்னார் பவுல்?

அதே பவுல் பிலிப்பி பட்டணத்தில் என்ன செய்தார் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். விசாரணை இல்லாமல் அடித்து உள்ளே போட்டார்கள். விடிந்ததும் அதிகாரிகள் ஆள் அனுப்பி, விட்டுவிடுங்கள், சத்தமில்லாமல் போகட்டும் என்றார்கள். நமக்கு எதுக்குப் பிரச்சினை என்று பவுல் போயிருக்கலாம். போகவில்லை. நாங்கள் ரோமர், விசாரியாமல் பகிரங்கமாய் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்பப் பார்க்கிறீர்களா, நீங்களே வந்து வெளியே அழைத்துவிடுங்கள் என்றார். அதிகாரிகள் பயந்துபோய் வந்தார்கள், வேண்டிக்கொண்டார்கள். வெளியே வந்த பவுலும் சீலாவும் நேரே போனது லீதியாள் வீட்டுக்கு. இரத்தாம்பரம் விற்றுப் பிழைத்த ஒரு பெண்ணின் வீடு. சகோதரர் அங்கேதான் கூடியிருந்தார்கள். பீடி சுற்றுகிறவள் வீட்டுத் தார்சாவை அதிலிருந்து நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கீழ்ப்படிய வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. முப்பத்தோரு வருஷம் அதிகாரத்தின் கையாக இருந்தவன் அப்படிச் சொன்னால் சிரிப்பாக இருக்கும். இந்தத் தேசத்தில் மேலான அதிகாரம் எது என்பதுதான் கேள்வி. தாசில்தார் அல்ல, ஆட்சியர் அல்ல, முதலமைச்சரும் பிரதமரும் அல்ல. இவர்கள் எல்லோரும் ஒரு புத்தகத்தின் மேல் உறுதிமொழி எடுத்து அதற்குக் கீழ்ப்பட்டவர்கள். அடிப்படை உரிமையைப் பறிக்கிற சட்டம் எதையும் அரசு போடக் கூடாது என்று 13-வது பிரிவில் அந்தப் புத்தகமே எழுதி வைத்திருக்கிறது. இது நமக்குப் புதிதா? உபாகமம் பதினேழில் ராஜாவுக்கு என்ன கட்டளை? சிங்காசனத்தில் உட்கார்ந்ததும் நியாயப்பிரமாணத்தை ஒரு பிரதி எழுதி, தன் ஆயுள் நாளெல்லாம் அதை வாசிக்க வேண்டும், தன் சகோதரர் பேரில் இருதயம் மேட்டிமை கொள்ளாதபடிக்கு. சாமுவேல் தீர்க்கதரிசியோ ராஜா கேட்ட ஜனத்தை எச்சரித்தார்: வயலை எடுப்பான், திராட்சைத் தோட்டத்தை எடுப்பான், தானியத்தில் பத்தில் ஒன்று, கழுதையைக்கூட விடமாட்டான். வேலையில் சேர்ந்த புதிதில் அந்த அதிகாரத்தை வாசித்தபோது எங்கள் வருவாய்த்துறையின் வருடாந்தர ஜமாபந்திக் கணக்கை வாசிப்பது போலவே இருந்தது. ஆளுகிறவனுக்கு எல்லை வைத்த வேதம் நம் கையில் இருக்கிறது. அதை எடுத்து, ஆளப்படுகிறவளின் வாயைக் கட்டப் பயன்படுத்தியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நம் முன்னோர் இந்த உரிமைக்கு ஒரு விலை கொடுத்தார்கள். சட்டசபைகளில் கிறிஸ்தவர்களுக்குத் தனி இடங்கள் இருந்தன. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆன அசரியா, தனி வாக்காளர் தொகுதி சபையின் இயல்புக்கே விரோதம் என்று எதிர்த்தார். பிறகு 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டைக் கைவிட்டபோது, அந்த நிர்ணய சபையின் துணைத் தலைவராக இருந்த வங்காளத்துக் கிறிஸ்தவர் எச்.சி. முகர்ஜியும், சென்னையிலிருந்து போன இயேசுசபைக் குரு ஜெரோம் டிசோசாவும் அதை ஆதரித்தார்கள். அடிப்படை உரிமைகள் இருக்கின்றன, அவை போதும் என்ற நம்பிக்கை. இடங்களைக் கொடுத்துப் பெற்றுக்கொண்ட அந்த உரிமையைத்தான் நீங்கள் ஒரு புதன்கிழமை காலை, நகல்கூட வாங்காமல் கொடுத்துவிட்டு வந்தீர்கள்.

25-வது பிரிவில் "பரப்ப" என்ற சொல் இருக்கலாமா என்று அங்கே பெரிய வாக்குவாதம் நடந்தது. 1948 டிசம்பர் 6-ஆம் தேதி அந்தச் சொல்லுக்காகப் பேசியவர்களில் ஒருவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. நான் ஏறத்தாழப் பதினாலு வருஷம் கிறிஸ்தவப் பள்ளி, கல்லூரிகளில் படித்தேன், யாரும் என்னை மாற்றப் பார்க்கவில்லை என்று அவர் சாட்சி சொன்னார். நமக்காக ஒரு சென்னை ஐயங்கார் எழுந்து பேசினார். இப்போது நமக்காக நம் ஐயர் பேசுவாரா என்று கேட்பதற்குத்தான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நெல்லைச் சீமையில் ஒடுக்கப்பட்ட சபை என்ன செய்தது என்பதற்கு முதலூரே போதும். சொந்த ஊரில் அடியும் உதையும் தாங்க முடியாமல், 1799-ல் தாவீது சுந்தரானந்தம் நிலம் பார்த்து, விசுவாசிகளைத் தேரிக்காட்டில் குடியேற்றினார். அதற்குப் பிந்திய நூறு வருஷத்தில் நம் ஆட்கள் கஷ்டம் வந்தால் மிஷனரி பங்களாவுக்கு ஓடினார்கள். துரை ஒரு கடிதம் எழுதுவார். கலெக்டர் துரை விசாரிப்பார். துரை ஊரில் இல்லாவிட்டால் விசாரணையும் இல்லை. என் கவலை என்னவென்றால், துரை போன பிறகும் அந்த மனது நம்மைவிட்டுப் போகவில்லை. ஆபீசரைத் தெரிந்து வைத்துக்கொள்வது, கிறிஸ்துமஸுக்கு கேக் அனுப்புவது, ஸ்தோத்திரப் பண்டிகைக்கு மேடையில் நாற்காலி போடுவது. இதெல்லாம் தயவு தேடுவது. 1950 ஜனவரி 26 முதல் நாம் தயவு தேட வேண்டிய அவசியமே இல்லை.

இதுவரை எழுதினதை நானே வாசித்துப் பார்க்கையில், யோக்கியன் எழுதின கடிதம் போல இருக்கிறது. அப்படி விட்டுவிடக் கூடாது.

தொண்ணூறுகளில் நான் ஆர்.ஐ.யாக, அதாவது வருவாய் ஆய்வாளராக, இருந்தபோது, நம் சேகரத்துக்கு உட்பட்ட ஒரு சிற்றூரில் அம்மன் கோயில் கொடை. தாழ்த்தப்பட்ட மக்களின் சின்னக் கோயில். முளைப்பாரியும் நையாண்டி மேளமும் வழக்கமாக நம் ஆலயத் தெரு வழியே போகும். ஆலயத்துக்கு முன்னால் மேளம் கூடாது என்று அன்றைய கமிட்டி மனுக் கொடுத்தது. கமிட்டி என்றால் உங்களில் இருவருடைய தகப்பனார்களும் அதில் உண்டு. தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை. தாளை நான்தான் எழுதினேன். கோயில் பெரியவர் கையில் பேனாவை வைத்துக்கொண்டு, "சார், அது பஞ்சாயத்து ரோடுதான?" என்று கேட்டார். நான், "எதுக்குப் பெரியவரே பிரச்சினை, போடுங்க" என்றேன். ஏறத்தாழ அதே வார்த்தை, ஐயா. போட்டுவிட்டார். இன்று வரைக்கும் அவர்கள் முளைப்பாரி குளத்தங்கரையைச் சுற்றித்தான் போகிறது. பெரியவர் இறந்துவிட்டார். அவருக்கும் நகல் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

அன்று நமக்கு அது வெற்றி. ஆராதனையில் நன்றிகூடச் சொன்னோம். இன்று தெற்குத் தெருவில் பாய் சுருட்டப்பட்டதும் அதே மாதிரித் தாளால்தான். "எல்லா நபர்களும்" என்ற சொல்லில் அந்தப் பெரியவரும் இருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாமல் இல்லை, தெரிந்தும் எழுதினேன். இதற்கு நேரெதிரான ஒன்றும் நம் காலத்தில் நடந்தது. 1985-ல் கேரளத்தில் மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் பாடவில்லை என்று பள்ளியைவிட்டு விலக்கப்பட்டார்கள். யெகோவா சாட்சிகள். துர்உபதேசக்காரர் என்று நாம் வாசலில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கில் 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. இன்று மனச்சாட்சிச் சுதந்தரம் என்று நம் வக்கீல்கள் வாதாட எழுந்தால் அவர்கள் எடுக்கிற முதல் தீர்ப்புகளில் அது ஒன்று. வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் நமக்காக வாங்கித் தந்த தீர்ப்பு.

இன்னொன்று கேட்க வேண்டும், கேட்டால் கசக்கும். இந்த ஜெபக்கூட்டம் ஆலயத் தெருவில் ஒரு கமிட்டி மெம்பர் வீட்டில் நடந்திருந்தால் நீங்கள் கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பீர்களா? கமிட்டித் தேர்தலில் வாக்காளர் பட்டியல் சரியில்லை என்று மதுரை வரைக்கும் வழக்குக்குப் போன சேகரம் இது. கோர்ட்டுக்குப் போவது விசுவாசக் குறைவு என்று அப்போது யாரும் பிரசங்கிக்கவில்லை. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களான தெற்குத் தெரு மக்களுக்கு அரசாங்கமே ஓர் அநியாயம் செய்து வைத்திருக்கிறது. 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி இந்துக்களைத் தவிர மற்றவரைத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கவில்லை. சீக்கியருக்கு 1956-லும் பவுத்தருக்கு 1990-லும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. ஆலயப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயருமாக எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது சாதிச் சான்றிதழ் எழுதின எனக்கும் தெரியும், ஞானஸ்நானம் கொடுக்கிற உங்களுக்கும் தெரியும். அரசு அங்கே அவர்களைக் கைவிட்டது. சபையும் சேர்ந்து கைவிட வேண்டுமா?

என் கோரிக்கைகளை எழுதிவிடுகிறேன்.

வருகிற ஞாயிறு, அதே இடத்தில் நின்று, நான்காவது அறிவிப்பைத் திரும்பப் பெறுவதாக ஐயர் வாசிக்க வேண்டும். வீட்டில் ஜெபிக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்றும், யாராவது தடுத்தால் எழுத்தில் உத்தரவு கேளுங்கள் என்றும் சபைக்குச் சொல்ல வேண்டும்.

சேகரக் கமிட்டி கூடி, தாலுகா ஆபீசுக்கு எழுத வேண்டும்: அன்றைய நடவடிக்கைக் குறிப்பின் நகல், தடைக்கு ஆதாரமான சட்டப்பிரிவு. தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, முப்பது நாள். மனுவை நானே எழுதித் தருகிறேன், கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.

முழுதும் வாசித்துப் புரிந்துகொள்ளாமல் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக அவள் ஆட்சியருக்கு மனுக் கொடுக்கப் போகிறாள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவளுடன் ஐயர் வர வேண்டும். போன தரம் நின்ற அதே பக்கத்தில், இந்தத் தரம் அவளுக்காக. வழக்கு என்று ஆனால் பணத்துக்குப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் வருஷச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

அம்மன் கோயில்காரர்களிடம் கமிட்டி போய், அந்தப் பழைய தாளை நாங்கள் இனி பிடித்துக்கொண்டிருக்க மாட்டோம், ஆலயத் தெரு வழியாகவே வாருங்கள் என்று சொல்ல வேண்டும். நானும் வருகிறேன். எழுதினவன் நான்தான் என்பதால் முதலில் பேச வேண்டியவனும் நானே.

நம் ஆலயக் கோபுரத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பாட்டுப் போடுகிற குழாய் ஸ்பீக்கரை நிறுத்த வேண்டும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருஷத்திலிருந்து விதி. பிறர் நிம்மதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று அதே வருஷம் உச்ச நீதிமன்றம் சொன்னது, சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபையைப் பற்றின வழக்கில்தான். உடைந்த கைத்தாளத்தை நிறுத்த எழுதிக் கொடுத்தவர்கள் முதலில் குழாயை இறக்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் எனக்கு எழுத்தில் பதில் வேண்டும், கமிட்டிச் செயலர் கையெழுத்தோடு. "பேசிக்கலாம் அண்ணாச்சி" என்று ஆள் அனுப்பாதீர்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஏழு மணிக்கு அவள் வீட்டுத் தார்சாவில் ஜெபம் உண்டு. நானும் என் மனைவியும் போகிறோம். ஆரம்ப ஜெபம் ஐயர் வந்து செய்ய வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். உங்கள் மேல் அவளுக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. அதையும் கோரிக்கைகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சேகரத்தின் அங்கத்தினன்,
ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர்